காணாமல்போன ஒன்பது கிலோ

தண்ணீர் வாரியத்தின் ஆவண அறையில் ஏணியின் மூன்றாம் படி முறிந்தபோது யாருக்கும் அடிபடவில்லை. அடிபட்டிருந்தால் விஷயம் ஒரு மருந்துக் கட்டோடும் ஒரு நாள் விடுப்போடும் முடிந்திருக்கும். அடிபடாததால் விசாரணைக் குழு போட்டார்கள்.

அப்போது ஏணியில் நின்றவர், இருபத்திரண்டு வருடமாக அதில் ஏறி இறங்கிக் கோப்பு எடுத்துக் கொடுப்பவர். அலுவலகத்தில் அவருக்கு ஏணியார் என்றே பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

குழு ஏணியைச் சுற்றி வந்தது. ஏணியாரையும் சுற்றி வந்தது. ஏணியின் காலில் ஒரு தகடு இருந்தது: 'அதிகபட்சம் 90 கிலோ'. உடனே ஏணியாரைப் பார்சல் பிரிவுக்குக் கூட்டிப்போய்த் தராசில் நிறுத்தினார்கள். தொண்ணூற்றேழு. குழுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டார்.

"புது ஏணி ஒண்ணு வாங்கிட்டா போச்சு" என்றார், அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்கா. அந்த அலுவலகத்தில் எல்லாக் காகிதமும் அவர் கைவழியாகத்தான் போகும். அதனால் எதற்கும் ஆச்சரியப்படுவதை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

குழுத்தலைவர் பொறுமையாக விளக்கினார். "ஏணி வாங்கணும்னா டெண்டர் விடணும்மா. மூணு கம்பெனிகிட்ட விலை கேக்கணும். தலைமையகம் ஒப்புதல் தரணும். ஆளைக் குறைக்கறதுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்."

ஆகவே முறிந்த படியைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டு, சுற்றறிக்கை விட்டார்கள். 'ஊழியர் உடல் எடை ஒழுங்குத் திட்டம்' பிறந்தது. தொண்ணூறு கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் பெயர் பதிந்து, திட்டத்தை முடித்து, எட்டு மாதத்துக்குள் நிறைவுச் சான்றிதழ் பெற வேண்டும். பெறாதவர்களுக்கு எல்லையோர நீரேற்று நிலையத்துக்கு மாற்றல். பஸ்ஸில் போனால் பதினான்கு மணி நேரம். அங்கே ஒரு பம்பும் ஒரு நாற்காலியும் இருப்பதாகச் சொல்வார்கள். போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னவர் யாரும் இல்லை.

ஏணியாரின் மனைவி இந்த ஊரில் பதினைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். இரண்டையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. இரண்டையும் விட்டுவிட்டுத் தனியாகப் போகவும் அவருக்கு மனம் வராது.

திட்டத்துக்கு ஓர் எடை அலுவலர் தேவைப்பட்டார். விசாரணைக் குழுத்தலைவரையே போட்டார்கள். மனிதர் ஐம்பத்தெட்டு கிலோ. காற்றடித்தால் பிடித்துக்கொள்ள ஒரு தூண் வேண்டும்.

தொடக்க விழா மூன்று மணி நேரம் நடந்தது. நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பதன் தீமைகளைப் பற்றி எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். நடுவில் கேக்கும் இனிப்பும் வறுவலும் வந்தன.

"நான் பிறந்ததுலேர்ந்தே ஒல்லி" என்றார் எடை அலுவலர் மேடையில். "எடை குறைக்கற கஷ்டம் என்னன்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. அதனாலதான் இந்த விஷயத்துல என்னால நடுநிலையா இருக்க முடியுது."

இயக்குநர் இன்னும் மேலே போனார். "இந்தத் திட்டத்துக்காகப் பன்னிரண்டு நடை இயந்திரம் வாங்கியிருக்கோம். அதைப் பத்திரமா வைக்க இடம் இல்லாததால மாடிப்படியில அடுக்கியிருக்கோம். அதனால இன்னையிலேர்ந்து மாடிப்படி பூட்டப்படுது. ஊழியர்கள் லிஃப்ட்ல போய் ஒத்துழைக்கணும்." பலத்த கைதட்டல். ஏணியாரும் தட்டினார். தினம் மூன்று மாடி ஏறிக்கொண்டிருந்த மனிதர், அன்று முதல் லிஃப்டுக்குக் காத்திருந்தார்.

மறுநாள் பதினான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். மூன்று பிரதி. 'தங்களுக்குப் பசி எந்த ஆண்டிலிருந்து ஏற்படுகிறது?' என்று ஒரு கேள்வி. 'எடைக்குக் காரணம்: பரம்பரை / பதவி / பிற' என்று இன்னொன்று. ஏணியார் 'பிற' என்பதில் குறியிட்டார். அதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. விளக்கத்துக்கு விளக்கம் கேட்டு இன்னொன்று வந்தது.

"உணவு அட்டவணை தயாராகி, குழு பாத்து, கையெழுத்தாகி வரணும். அதுக்கப்புறம்தான் திட்டம் உங்களுக்குத் தொடங்கும்" என்றார் எடை அலுவலர்.

"அதுவரைக்கும் நான் என்ன சாப்பிடறது சார்?"

"ஒப்புதல் வர்ற வரைக்கும் தற்போதைய நிலை தொடரணும்."

வீட்டில் போய் அதைச் சொன்னார். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "எத்தனை நாளாகும்?"

"ஒரு மாசம்ங்கறாங்க. அவங்க ஒரு மாசம்னா நாலு மாசம்."

"நாலு மாசம் சும்மா உக்காந்திருக்க முடியுமா? நல்லா இருக்கே கதை!" அவள் எழுந்து அலமாரியைக் குடைந்தாள். மகள் சின்னவளாக இருந்தபோது சாப்பிட்ட எவர்சில்வர் தட்டு ஒன்று வெளியே வந்தது. அடியில் ஒரு முயல் பொறித்திருந்தது. "இனிமே இதுலதான் உங்களுக்குச் சாப்பாடு. பாதித் தட்டு காய்கறி. முயலோட காது எனக்குத் தெரியணும். காது மறைஞ்சா அளவு மிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

"ஐம்பது வயசுல முயல் தட்டா?"

"எல்லையில போய் பம்புக்குத் துணையா உக்காரப் போறீங்களா?"

ஏணியார் வாயை மூடிக்கொண்டார். அதுவே பாதி வைத்தியம்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை இரண்டாகி, பிறகு ஒன்றானது. டி.வி. பார்த்தபடி கொறிக்கும் பிஸ்கட் டின்னை மனைவி பரண்மேல் போட்டாள்; வீட்டில் ஏணி இல்லை. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்தது. அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார். முதல் வாரம் சிடுசிடுவென்று எரிந்து விழுந்தார். இரண்டாம் வாரம் மருந்துக் கடைத் தராசில் ஏறிப் பார்த்து, ஒரு இம்மி குறையவில்லை என்று ஆத்திரப்பட்டார்.

"ஒரு ராத்திரியிலயா ஏறுச்சு, ஒரு ராத்திரியில இறங்க?" என்றாள் மனைவி. மகளின் பிறந்தநாளுக்கு அவளே ஒரு துண்டு கேக் வெட்டி அவர் வாயில் வைத்தாள். மறுநாள் மறுபடி முயல் தட்டு. பட்டினியும் கிடையாது, அழுகையும் கிடையாது.

மூன்றாம் மாதம் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. காலையில் கட்டிலிலிருந்து எழும்போது மூட்டு ஒன்றும் பேசவில்லை. ஏணியாருக்கு உள்ளூரச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளோடு கடைவீதிக்கு நடந்துபோய் மூச்சு வாங்காமல் திரும்பி வந்தார்.

நான்காம் மாதக் கடைசியில் உணவு அட்டவணை கையெழுத்தாகி வந்தது. எடை அலுவலர் அவரை அழைத்துத் தராசில் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண்பத்தெட்டு.

"எங்க போச்சு?"

"எது சார்?"

"ஒன்பது கிலோ! பதிவேட்டுல தொண்ணூத்தேழு இருக்கு. இங்க எண்பத்தெட்டுதான் இருக்கு. மீதி எங்க?"

"குறைஞ்சிடுச்சு சார்" என்றார் ஏணியார், பாராட்டை எதிர்பார்த்து லேசாகச் சிரித்தபடி.

"யாரைக் கேட்டுக் குறைச்சீங்க?"

சிரிப்பு அப்படியே நின்றது.

அன்று மாலையே குறிப்பாணை வந்தது. தட்டச்சுக்கார அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். 'திட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட தொண்ணூற்றேழு கிலோ எடையில் ஒன்பது கிலோவை, திட்டம் தொடங்கும் முன்னரே, உரிய அனுமதியின்றி, அங்கீகரிக்கப்படாத வழிகளில் தாங்கள் குறைத்திருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. இது குறித்துத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

"நான் தட்டினதுலயே இதுதான் உச்சம்" என்றார் அக்கா. "ஆனா பாருங்க, எழுத்துப்பிழை இல்லாம தட்டிட்டேன்."

பிறகு ஆளாளுக்கு விசாரித்தார்கள். தராசைச் சோதித்து ஓர் அறிக்கை. தராசைச் சோதித்தவரைச் சோதித்து ஓர் அறிக்கை. மருந்துக் கடைக்காரரிடம் வாக்குமூலம். ஏணியார் நடந்து வரும் பாதையை அளந்து வரைபடம். மூன்று பேர் வீட்டுக்கே வந்து சமையலறையைப் பார்வையிட்டார்கள். ஒருவர் முயல் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'தட்டில் முயல் ஒன்று இருப்பது நேரில் உறுதி செய்யப்பட்டது' என்று எழுதினார். சான்றுப் பொருள் என்று சொல்லித் தட்டையும் எடுத்துக்கொண்டு போய், துணி உறையில் போட்டு அரக்கு வைத்துக் கோப்பில் கட்டினார்கள்.

கடைசியில் இயக்குநர் அறையில் கூட்டம். பக்கத்தில் எடை அலுவலர்.

"நீங்க செஞ்சது எவ்வளவு பெரிய தப்புன்னு புரியுதா?" என்றார் இயக்குநர். "தட்டை மாத்தி, நடந்து, சர்க்கரையைக் குறைச்சு ஒருத்தன் இளைக்கலாம்னு வெளியில தெரிஞ்சா, இந்தத் திட்டம் எதுக்கு? இவர் எதுக்கு? நான் எதுக்கு?"

மூன்றும் நியாயமான கேள்விகளாகவே ஏணியாருக்குப் பட்டன.

"சான்றிதழ் வேணும்னா திட்டத்துல குறையணும்" என்றார் எடை அலுவலர். "திட்டத்துல சேரணும்னா தொண்ணூறுக்கு மேல இருக்கணும். முப்பது நாள் தர்றோம். பதிவேட்டுல உள்ள எடைக்குத் திரும்பி வாங்க. அப்புறம் முறைப்படி, திட்டத்துல நாங்க தர்ற சத்து மாவைக் கரைச்சுக் குடிச்சு, எட்டு வாரத்துல குறைங்க. இல்லேன்னா மாற்றல் பட்டியல் தயாரா இருக்கு."

வேறு வழி தெரியாமல் ஏணியார் சாப்பிட ஆரம்பித்தார். மத்தியானம் கேன்டீனில் இரண்டு சாப்பாடு. மாலையில் பிஸ்கட் பாக்கெட். ஒரு வாரத்தில் வயிறு கல்லாகி, நெஞ்சு எரிந்து, மூட்டு மறுபடி முனக ஆரம்பித்தது. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாம் முறை கை நீட்டியபோது மனைவி பாத்திரத்தை நகர்த்திவிட்டாள்.

"என்னங்க நடக்குது?"

சொன்னார். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நாலு மாசம். ஒவ்வொரு வேளையும் அளந்து அளந்து வெச்சேன். நீங்க எழுந்திரிக்கறப்ப அம்மான்னு கத்தாம நான் நிம்மதியா தூங்கினதே இப்பதான். அதைத் தூக்கி அவங்க பதிவேட்டுக்குக் கொடுக்கப் போறீங்களா?"

"கொடுக்கலேன்னா எல்லைக்குப் போகணும்டி."

அவள் கண் கலங்கியது. சட்டென்று துடைத்துக்கொண்டாள். "உடம்பைத் தர முடியாதுன்னு சொல்லுங்க. வேற என்ன வேணா தரலாம்."

மறுநாள் எடை அலுவலர் அந்தக் கோப்பைக் கேட்டார். ஏணியார் அலமாரியிலிருந்து அதை இழுத்தார். 'காணாமல்போன எடை – விசாரணை.' ஒன்பது கட்டுகள், மேலே தட்டு. எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். தூக்கியபோது தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. இருபத்திரண்டு வருடம் கோப்பு தூக்கிய கை. கனத்தைக் கண்டுபிடிக்கத் தராசு வேண்டாம். ஆனாலும் பார்சல் பிரிவில் வைத்துப் பார்த்தார்.

ஒன்பது கிலோ இருநூறு கிராம்.

ஏணியார் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

மனைவிக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்து அவர் மார்பைச் சுற்றினாள். இரண்டு நாளில் கெட்டித் துணியில் ஓர் உள்சட்டை தயாரானது: முன்னால் ஐந்து பை, பின்னால் நான்கு, நடு வயிற்றில் தட்டுக்கு வட்டமாக ஒரு பை. மேலே போட்டுக்கொள்ள அவருடைய பழைய தொளதொளச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

அளவுச் சாப்பாட்டில் உடம்பு மறுபடி எண்பத்தெட்டுக்கு வந்திருந்தது; முப்பதாம் நாள் கோப்பை உள்ளே சுமந்துகொண்டு தராசில் ஏறினார். தொண்ணூற்றேழு கிலோ இருநூறு. எடை அலுவலருக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா, மனசு வெச்சா முடியும்! இப்பதான் நம்ம பழைய ஆள் மாதிரி இருக்கீங்க" என்று வயிற்றில் செல்லமாகத் தட்டினார். டங் என்று சத்தம் வந்தது. "வாயுவா?"

"ஆமா சார். ரொம்ப நாளா இருக்கு."

திட்டம் முறைப்படி தொடங்கியது. வாரம் ஒரு கட்டை ஏணியார் உள்சட்டையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார். வாரம் ஒரு கிலோ குறைந்தது. ஒரு கிராம்கூட ஏறி இறங்கவில்லை. எடை அலுவலர் வரைந்த கோடு அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இறங்கியது. சத்து மாவை மனைவி கரைத்துப் பார்த்து, அதில் நாட்காட்டியைச் சுவரில் ஒட்டினாள். இன்றைக்கும் அது அசையவில்லை.

ஒரே ஒரு நாள்தான் வம்பு வந்தது. மூன்றாம் வாரம் எடை அலுவலர் கோப்பின் ஏழாம் கட்டை அவசரமாகக் கேட்டார். ஏணியார் அலமாரிக்குப் பின்னால் போய், சட்டையைத் தூக்கி, முதுகிலிருந்து உருவிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா, காகிதம் சூடா இருக்கு?"

"இப்பதான் சார் தட்டினேன்" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

எட்டாம் வாரம் கடைசிக் கட்டுகள் இரண்டும் தட்டும் அலமாரிக்குப் போயின. தராசு எண்பத்தெட்டு காட்டியது. விழா வைத்தார்கள். 'முறையற்ற வழியில் இளைத்த ஓர் ஊழியரை மீட்டெடுத்து, முறையான வழியில் இளைக்க வைத்தோம்' என்று இயக்குநர் பேசினார். மாற்றல் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்பட்டது. சான்றிதழை ஏணியார் அங்கேயே நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, பொத்தானையும் போட்டார். வீட்டுக்கு போன் செய்தார். அந்தப் பக்கம் தையல் இயந்திரம் நின்ற சத்தம் கேட்டது. "வந்துடுச்சா?" என்ற மனைவிக்கு, "வந்துடுச்சு" என்று சொல்வதற்குள் குரல் உடைந்துவிட்டது.

விழா முடிந்த கையோடு எடை அலுவலர் ஆவண அறைக்கு வந்தார். முடிந்த கோப்புகள் அலமாரியின் மேல் அடுக்குக்குப் போக வேண்டும் என்பது விதி. திட்டம் நடந்த எட்டு வாரத்தில் புதிதாகச் சேர்ந்த அறிக்கைகள் தனிக் கட்டாகியிருந்தன. ஏணியார் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப் பார்சல் பிரிவில் நிறுத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏணியின் காலருகே நின்றார்.

"ஏறுங்க" என்றார் எடை அலுவலர். "இப்பதான் நீங்க தகுதியான ஆளாச்சே."

"சார், நான் எண்பத்தெட்டு. இந்தக் கோப்பு பதினொண்ணு. மொத்தம் தொண்ணூத்தொன்பது. ஏணி தொண்ணூறுதான் தாங்கும்னு நீங்கதான் சொன்னீங்க."

எடை அலுவலர் தகட்டைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். இருபத்திரண்டு வருடமாக ஓர் ஆள் வெறுங்கையோடு ஏணி ஏறுவதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் முகம் மலர்ந்தது.

"அப்ப நீங்க இன்னும் ஒன்பது கிலோ குறைக்கணும்."

ஏணியாரின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. சான்றிதழ் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு அந்த அறையில் கோபம் வந்தது. வந்த கோபம் நல்ல பசியோடு வந்தது.

"சார், உங்க எடை என்ன?"

"ஐம்பத்தெட்டு" என்றார் எடை அலுவலர் பெருமையாக. "பிறந்ததுலேர்ந்தே."

"ஐம்பத்தெட்டும் பதினொண்ணும் அறுபத்தொன்பது. இந்த வாரியத்துல விதிப்படி இந்த ஏணியில ஏறத் தகுதி உள்ள ஒரே ஆள் நீங்கதான். ஏறுங்க."

அக்கா தட்டச்சை நிறுத்தினார். வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். விதி என்ற சொல்லைக் கேட்டபின் எடை அலுவலரால் மறுக்க முடியவில்லை. கட்டுகளைத் தலையில் வாங்கிக்கொண்டார். வாங்கும் முன் ஏணியார் மேலே இருந்த துணி உறையின் அரக்கை உடைத்து, தட்டை மட்டும் உருவிக்கொண்டார்.

"சான்றுப் பொருள்!"

"பாரம் குறையட்டும் சார். உங்க நல்லதுக்குத்தான்."

முதல் படி. இரண்டாம் படி. பிறவி ஒல்லிக்கு இரண்டாம் படியிலேயே மூச்சு இரைத்தது. கம்பி கட்டிய மூன்றாம் படியில் கால் வைத்ததும் அது 'கிர்ர்' என்றது. மேலே போகவும் முடியாமல், கீழே பார்க்கவும் முடியாமல், ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏணியார் மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். தட்டைத் துடைத்து, முயலின் காது தெரியும்படி அளவாகப் பரிமாறிக்கொண்டார்.

"இந்த ஏணியை உடனே மாத்தணும்!" என்று மேலேயிருந்து குரல் நடுங்கியது. "இப்பவே எழுதுங்கம்மா! புது ஏணி!"

அக்கா புதுக் காகிதம் ஒன்றை நிதானமாகச் செருகினார்.

"டெண்டர் விடணுமே சார். மூணு கம்பெனிகிட்ட விலை கேக்கணும். ஒப்புதல் வர்ற வரைக்கும் நீங்க அங்கேயேதான் தொடரணும்."